நெடுஞ்சாலைக்குப் புதுத் தார் போடும்போது ஊர்ப் போக்குவரத்துக்கு என்ன நேர்கிறது?

பெருங்களத்தூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே, சென்னையிலிருந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையில் அன்றாடம் போய்வருபவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. முந்தைய நாள் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சாலையில் ஒருநாள் இரவு ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு தடம் அடைபடுகிறது. மறுநாள் காலையில் ஊரப்பாக்கத்தில் பேருந்து ஏறியவர் வண்டலூரைத் தாண்டுவதற்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கிறது. பேருந்துக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நன்றாக இருந்த சாலையை ஏன் சுரண்டுகிறார்கள்? அப்படியே சுரண்டினாலும் இரவோடு இரவாக முடித்துவிடக் கூடாதா? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். முதல் கேள்விக்கான விடை தார் சாலை எப்படித் தேய்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை, சூடான தார்க்கலவைக்குக் கிடைக்கும் நேரமும் வாகனங்களுக்குத் தேவைப்படும் நேரமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில் இருக்கிறது. இந்த மோதலைப் புரிந்துகொண்டால், எந்தத் தாமதம் தவிர்க்க முடியாதது, எது திட்டமிடலின் குறை என்பதை நாமே பிரித்தறிய முடியும்.

தார் சாலையின் ஆயுள்

நாம் பேச்சு வழக்கில் தார் என்று சொல்வது நிலக்கரியிலிருந்து வடிக்கப்பட்ட பழைய தார் அல்ல; கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் எஞ்சும் பிட்டுமின் என்ற பொருளைத்தான் இன்று சாலைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஆனாலும் தார் என்ற சொல் நிலைத்துவிட்டதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். தார் சாலை ஒரே கட்டியாக இருப்பதில்லை. அடியில் இறுக்கப்பட்ட மண், அதன்மேல் சரளையும் ஜல்லியும் கலந்த அடுக்குகள், அதற்கும் மேல் பெரிய ஜல்லி கொண்ட தடித்த தார் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சக்கரம் தொடும் மெல்லிய மேல்தளம் என்று பல அடுக்குகள் சேர்ந்ததே சாலை. மேல்தளம் பெரும்பாலும் 30 முதல் 50 மி.மீ. கனமே இருக்கும், அதாவது இரண்டு விரல் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல் அல்லது குறைவு. வெயில், மழை, சக்கரம் ஆகிய மூன்றின் தாக்குதலையும் முதலில் வாங்கிக்கொள்ளும் அந்த அடுக்கு தேயத்தான் செய்யும். அதைத்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். மேல்தளப் புதுப்பிப்பு என்பது இதுதான்.

தேய்மானம் எப்படி நிகழ்கிறது? காற்றும் வெயிலும் பட்டுப் பட்டுத் தார் தன் பிசுபிசுப்பை இழந்து இறுகுகிறது. இறுகிய தார் வளையாது. சக்கரம் ஏறும்போது விரிசல் விடும். விரிசல்கள் ஒன்றோடொன்று இணைந்து முதலையின் முதுகைப் போலக் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தால், சேதம் மேல்தளத்தோடு நிற்காமல் கீழே இறங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். பேருந்து நிறுத்தங்களிலும் சிக்னல்களிலும் வேறொரு வகைத் தேய்மானத்தைக் காணலாம். சித்திரை வெயிலில் இளகிப்போன சாலையின்மேல் கனமான பேருந்துகள் நிற்பதும் மெதுவாக நகர்வதுமாக இருப்பதால், சக்கரத் தடம் இரண்டு வாய்க்கால்களைப் போலப் பள்ளமாகிவிடும். மழை பெய்தால் அந்த வாய்க்கால்களில் நீர் நிற்கும்.

வாகனங்களின் எடைக்கும் சேதத்துக்கும் உள்ள உறவு பலருக்கு வியப்பளிக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே அமைத்த சாலைகளில் லாரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், இருபக்கச் சக்கரங்களை இணைக்கும் அச்சு தாங்கும் எடையைப் பொறுத்து ஏறத்தாழ நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்பது அதில் தெரியவந்தது. ஓர் அச்சு தாங்கும் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்காவதில்லை, சுமார் 16 மடங்காகிறது. எனவே காரோ இருசக்கர வாகனமோ சாலைக்குச் செய்யும் சேதம் பாரம் ஏற்றிய லாரியோடு ஒப்பிட்டால் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒரகடம், மறைமலை நகர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கான சரக்கும் தென்மாவட்டங்களிலிருந்து வரும் சரக்கும் கலந்து ஓடும் ஒரு சாலை, ஊருக்குள் இருக்கும் தெருவைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்வதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது எதிரி தண்ணீர். என் மதிப்பீட்டில் நம் ஊர்ச் சாலைகளுக்கு முதல் எதிரியே அதுதான். விரிசல் வழியாக இறங்கும் நீர் ஜல்லியையும் தாரையும் பிரித்துவிடுகிறது; கீழ் அடுக்குகளை ஊறவைத்து அவற்றின் பலத்தைக் குறைக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையின்போது ஒரே இரவில் பள்ளங்கள் தோன்றியதாக நமக்குத் தெரிகிறது. உண்மையில் அந்தப் பள்ளத்துக்கான விரிசல் கோடையிலேயே உருவாகியிருக்கும்.

இதிலிருந்து முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் சாலையில் மெல்லிய விரிசல்கள் பரவ ஆரம்பித்த நிலையில் மேல்தளத்தை மட்டும் மாற்றினால், ஒவ்வோர் இடத்திலும் சில இரவுகளில் வேலை முடிந்துவிடும். பள்ளம் விழும் வரை காத்திருந்தால் அடியடுக்கு வரை தோண்ட வேண்டும். சாலையை வாரக்கணக்கில் அடைக்க வேண்டிவரும். சாலை உள்ளே எவ்வளவு பலவீனமடைந்திருக்கிறது என்பதைக் கண்டறியச் சோதனைகளும் உண்டு. பெங்கல்மேன் பீம் என்ற பழைய முறையில், பாரம் ஏற்றிய லாரியின் பின்சக்கரங்களுக்கு இடையே ஒரு நீண்ட கோலை வைத்து, லாரி நகர்ந்ததும் சாலை எத்தனை மில்லிமீட்டர் மேலெழும்புகிறது என்று அளப்பார்கள். எழும்பும் அளவு கூடுதலாக இருந்தால் அடியில் பலம் குறைந்திருக்கிறது என்று அறியலாம்.

சூடும் நேரமும்

இனி வேலை நடக்கும் விதத்துக்கு வருவோம். முதலில் மில்லிங் இயந்திரம் வருகிறது. கெட்டியான உலோகப் பற்கள் பதித்த ஒரு பெரிய உருளை சுழன்று, பழைய மேல்தளத்தைக் குறிப்பிட்ட ஆழத்துக்குச் சுரண்டி, முன்னால் செல்லும் லாரியில் கொட்டுகிறது. பின்னர்ச் சாலையைப் பெருக்கித் தூசியை அகற்றுகிறார்கள். அதன்மேல் தாரும் நீரும் கலந்த எமல்ஷனை மெல்லிய படலமாகத் தெளிக்கிறார்கள். பழைய அடுக்கையும் புதிய அடுக்கையும் ஒட்டவைக்கும் பசை இது. தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும் இந்தப் படலம், நீர் பிரிந்து ஆவியானதும் கறுப்பாக மாறும். கறுப்பான பிறகே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். இடையில் வாகனமோ ஆளோ ஏறினால் பசை சக்கரத்தோடும் செருப்போடும் போய்விடும். சாலையோர வீடுகளின் வாசற்படியில் கறுப்புத் தடங்கள் பதிவது இந்த இடைவெளியில்தான்.

அடுத்து வருவதுதான் நேரத்தோடு போட்டியிடும் கட்டம். தார்க்கலவை நிலையத்தில் ஜல்லியும் தாரும் சுமார் 150 முதல் 165 டிகிரி செல்சியஸ் சூட்டில் கலக்கப்படுகின்றன. அங்கிருந்து டிப்பர் லாரியில், தார்ப்பாய் போட்டு மூடி, வேலையிடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பரவலாகப் பயன்படும் வி.ஜி.30 வகைத் தாராக இருந்தால், சாலையில் பரப்பும்போது கலவையின் சூடு 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. ரோலர் இறுக்கி முடிக்கும் வரை 90 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. அதிகச் சூட்டையும் கனரகப் போக்குவரத்தையும் தாங்கும் வி.ஜி.40 வகைக்கு இந்த எல்லைகள் இன்னும் 10 டிகிரி கூடுதல். கலவை ஆறிவிட்டால் ஜல்லிகள் நெருங்கிப் படியாது; இடையில் காற்று தங்கிவிடும்; அடுத்த மழையில் அங்கிருந்துதான் ஜல்லி பெயரும்.

ஒருமுறை இரவு பதினொரு மணிக்குமேல், இப்படி ஒரு வேலை நடக்கும் இடத்தில் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வந்து நின்றதும் மேற்பார்வையாளர் ஒருவர் ஏறி, தார்ப்பாயை விலக்கி, நீண்ட கம்பி போன்ற வெப்பமானியைக் கலவைக்குள் செருகினார். எழுந்த புகையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அளவு ஏறும் வரை காத்திருந்து, கையசைத்து, கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தை நகரச் சொன்னார். ஆனால் அந்த லாரிக்குப் பின்னால் வர வேண்டிய அடுத்த லாரி வரவில்லை. ஒரு கிலோமீட்டருக்குப் பின்னால், இந்த வேலையால் உண்டான வாகன வரிசையிலேயே அது மாட்டிக்கொண்டிருந்தது. பேவர் நின்றது. அரை மணி நேரம் கழித்து லாரி வந்தபோது, ஏற்கெனவே பரப்பியிருந்த கலவையின் விளிம்பு இறுகிவிட்டது. அந்த இடத்தை வெட்டிச் சரிசெய்த பிறகே மேலே தொடர முடிந்தது. சாலை வேலையால் போக்குவரத்து கெடுகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். போக்குவரத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் சாலை வேலையும் கெடும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். ஆகவே போக்குவரத்து ஏற்பாடு என்பது வேலைக்கு வெளியே இருக்கும் தொந்தரவு அன்று. ரோலரைப் போல அதுவும் வேலையின் ஓர் அங்கம்.

எத்தனை லாரிகள் வரவேண்டும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 3.5 மீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு தடத்தில், 500 மீட்டர் நீளத்துக்கு 40 மி.மீ. கனத்தில் கலவை போட வேண்டுமென்றால் 70 கன மீட்டர் தேவைப்படும். இறுகிய கலவை ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன் இருக்கும் என்பதால், மொத்தம் 168 டன். லாரிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டால் எட்டு அல்லது ஒன்பது நடைகள். அதே அளவு பழைய தாரைச் சுரண்டி வெளியே கொண்டுபோகவும் அதே எண்ணிக்கையில் லாரிகள் வேண்டும். ஏற்கெனவே ஒரு தடம் குறைந்துபோன சாலையில் இந்த லாரிகளும் திரும்பி, பின்னோக்கி வந்து, காத்திருந்து போகின்றன.

பரப்பிய கலவையின்மேல் முதலில் இரும்புச் சக்கர ரோலரும், பிறகு டயர் ரோலரும், கடைசியில் மீண்டும் இரும்புச் சக்கர ரோலரும் செல்கின்றன. அவற்றின் வேகம் மணிக்கு 5 கி.மீ.க்குள்தான் இருக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் கலவை முன்னால் தள்ளப்பட்டு அலையலையாக நிற்கும். ரோலர் வேலை முடிந்தபிறகும், தளம் சுற்றுப்புறச் சூட்டுக்கு ஆறும் வரை வாகனங்களை விடக் கூடாது. வெறும் சாலையை அடைத்து வைத்திருப்பதாகப் பயணிகள் எரிச்சலடைவது பெரும்பாலும் இந்த ஆறும் நேரத்தில்தான். ஆனால் அந்தக் காத்திருப்பைக் குறைத்தால், பாரம் ஏற்றிய முதல் லாரியின் சக்கரத் தடமே பள்ளமாகப் பதிந்துவிடக் கூடும்.

வரிசை எப்படி நீள்கிறது

வாகன வரிசைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. அடைக்கப்பட்ட இடத்துக்கு மணிக்கு 1,200 வாகனங்கள் வந்து சேர்வதாகவும், மிச்சமிருக்கும் தடத்தின் வழியாக மணிக்கு 900 வாகனங்களே வெளியேற முடிவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 300 வாகனங்கள் தேங்கும். ஒவ்வொன்றுக்கும் இடைவெளியையும் சேர்த்து 7 மீட்டர் என்றால், ஒரே வரிசையாக நின்றால் இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீளும். இனி நெரிசல் நேரம் முடிந்து, வருகிற வாகனங்கள் மணிக்கு 700 ஆகக் குறைகின்றன என்று கொண்டால், தேங்கிய 300 வாகனங்கள் மணிக்கு 200 என்ற அளவில்தான் கரையும். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை உண்டான தேக்கம் பத்தரை வரை நீடிப்பது இப்படித்தான். ஒன்பதேகாலுக்குப் புறப்பட்டு, நெரிசலைத் தவிர்த்துவிட்டதாக நினைத்தவரும் அதில் மாட்டிக்கொள்கிறார்.

இதே கணக்கை மறுபக்கமாகப் பார்த்தால் நம்பிக்கை தரும் ஒரு விவரம் கிடைக்கிறது. அந்த 1,200 வாகனங்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 120 வாகனங்கள், அன்று வேறு வழியிலோ வேறு நேரத்திலோ ரயிலிலோ போய்விட்டால், தேங்குபவை 300-க்குப் பதிலாக 180 ஆகும். பத்து விழுக்காடு வாகனங்கள் விலகினால் வரிசை நாற்பது விழுக்காடு குறைகிறது. எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தப் பக்கம் அடைக்கப் போகிறார்கள் என்பதை ஒரு வாரம் முன்பே ஊர்மக்களுக்குத் தெரியப்படுத்துவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களே பதில். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சாலைக்கு இணையாகவே புறநகர் ரயில் ஓடுவதால், முன்கூட்டித் தெரிந்திருந்தால் அன்றைக்கு மட்டும் ரயிலுக்கு மாறுவது பலருக்கும் இயலும். தெரியாவிட்டால் கூம்புகளைப் பார்த்த பிறகுதான் தெரியும். அப்போது திரும்பிப் போக வழி இருக்காது.

மையத் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் நிலைமை வேறு. ஒரு பாதியை அடைத்துவிட்டால், மீதிப் பாதியில் இரு திசை வாகனங்களையும் மாற்றி மாற்றி விட வேண்டும். இரு முனைகளிலும் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாக ஆட்கள் நிற்பார்கள். "வெள்ளைக் கார்தான் கடைசி, அது வந்ததும் விடு" என்று ஒருவர் கைபேசியில் சொல்ல, மறுமுனையில் இருப்பவர் அந்த வெள்ளைக் காருக்காகக் காத்திருப்பார். இங்கே தாமதத்தைத் தீர்மானிப்பது அடைக்கப்பட்ட பகுதியின் நீளம். 500 மீட்டரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் கடக்க 90 விநாடி ஆகும். கடைசி வாகனம் கடந்து முடியும் வரை எதிர்த்திசை அசைய முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நிமிடம் பச்சைக் கொடி காட்டினால், ஒரு சுற்றுக்கு ஒன்பது நிமிடம் பிடிக்கும். ஒரு திசைக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரே அடியாக ஒரு கிலோமீட்டரை அடைத்தால் அந்தப் பங்கு நான்கில் ஒன்றாகக் குறையும். 250 மீட்டர் மட்டும் அடைத்தால் ஐந்தில் இரண்டாக உயரும். நீளமாக அடைத்தால் பேவர் நிற்காமல் ஓடும், இணைப்புகள் குறையும், தளமும் சீராக அமையும். சிறியதாக அடைத்தால் ஊர் மூச்சுவிடும். பொறியாளர் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நீளத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நெரிசல் நேரத்தில் வேலை நடக்காத பகுதியும் அடைபட்டுக் கிடந்தால், அது அவசியமான தாமதம் அன்று. அதைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

இரவில் செய்தால் என்ன என்ற கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். பரபரப்பான சாலைகளில் பெரும்பாலும் இரவில்தான் செய்கிறார்கள். ஆனால் நகருக்குள் பகலில் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், சென்னையை ஒட்டிய சாலைகளில் இரவுதான் லாரிகளின் நேரம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் பின்னிரவு வரை அங்கிருந்து புறப்படுவதும் விடியுமுன் வந்து சேர்வதுமாக இருக்கின்றன. இவை இரண்டுக்கும் இடையில் கிடைப்பது சில மணி நேரமே. அதற்குள் சுரண்டி, பெருக்கி, பசை தெளித்து, பரப்பி, இறுக்கி, ஆறவைத்துத் திறக்க வேண்டும் என்பதால்தான் ஓரிரவில் சில நூறு மீட்டர்களோடு வேலை நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலையும் ஞாயிறு இரவும் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களும் கணக்கிலேயே சேராது. மழை பெய்தாலோ தளத்தில் நீர் நின்றாலோ தார் போடக் கூடாது என்பதால் பருவமழை மாதங்களும் கழிந்துவிடுகின்றன. எனவே ஆண்டின் மிச்ச மாதங்களில் எல்லாச் சாலைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது.

சாலையோரம் வாழ்பவர்களுக்கு

திருச்சிக்குப் போகிறவருக்கு இந்த வேலை இருபது நிமிடத் தாமதம். கூடுவாஞ்சேரியில் கடை வைத்திருப்பவருக்கும், பொத்தேரியில் சாலையைக் கடந்து கல்லூரிக்குப் போகும் மாணவருக்கும், சாலையோரத் தெருவில் குடியிருப்பவருக்கும் இது பல வாரங்களின் வாழ்க்கை. நெடுஞ்சாலைப் பணிகளைப் பற்றிய அறிவிப்புகள் பெரும்பாலும் கடந்துபோகும் வாகனங்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

முதலில் இருசக்கர வாகனங்கள். சுரண்டப்பட்ட தளத்தில் நீளவாக்கில் பள்ளமும் மேடுமாகக் கோடுகள் இருக்கும். காரில் போகிறவருக்கு அது ஒரு இரைச்சல் மட்டுமே. ஸ்கூட்டரில் போகிறவருக்கோ முன்சக்கரம் அந்தக் கோட்டின் போக்கில் இழுக்கப்பட்டுக் கைப்பிடி தானாக ஆடும். அப்போது சட்டென்று பிரேக் பிடிப்பதோ திருப்புவதோ ஆபத்து. வேகத்தைக் குறைத்து, பிடியை இறுக்காமல், நேராகப் போவதே பாதுகாப்பு. இதைவிடப் பெரிய ஆபத்து, சுரண்டிய தடத்துக்கும் சுரண்டாத தடத்துக்கும் இடையிலான படி. 40 மி.மீ. உயரமே என்றாலும், அதைச் சாய்வாக ஏற முயலும் சின்னச் சக்கரம் வழுக்கிவிடும். அந்த விளிம்பைச் சரிவாகச் செதுக்கிவிடுவதும், இரவில் ஒளிரும் அடையாளங்களை வைப்பதும் செலவு அதிகமில்லாத வேலைகள். ஆனால் அடிக்கடி விட்டுப்போகும் வேலைகளும் அவையே.

அடுத்தது வரிசையின் வால். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் ஓட்டுநர் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கிறார். முன்னால் நிற்கும் வண்டியைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு இந்தியச் சாலை வடிவமைப்பில் இரண்டரை விநாடி ஒதுக்குகிறார்கள். அதற்குள் 55 மீட்டர் போய்விடும். முழுதாக நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது அந்த வேகத்துக்கான கணக்கு. எனவே எச்சரிக்கைப் பலகையைக் கூம்புகளுக்கு அருகில் வைத்துப் பயனில்லை. வரிசை எவ்வளவு தூரம் நீளுமோ அதற்கும் முன்னால் வைக்க வேண்டும். வரிசை இரண்டு கிலோமீட்டர் நீளக்கூடிய இடத்தில் பலகை 500 மீட்டரில் நின்றால், ஓட்டுநர் முதலில் பார்ப்பது பலகையை அல்ல, நிற்கும் லாரியின் பின்புறத்தைத்தான்.

பேருந்து நிறுத்தம் இடம் மாறும்போது முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அலைகிறார்கள். மையத் தடுப்பில் திரும்பும் இடத்தை அடைத்துவிட்டால் அடுத்த திருப்பத்துக்கு இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் போக மனமில்லாமல் இருசக்கர வாகனங்கள் எதிர்த்திசையில் ஓரமாக வரத் தொடங்கும். இதை ஓட்டுநரின் ஒழுங்கீனம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. தற்காலிகத் திருப்பம் ஒன்றை அமைத்தால் பெருமளவு குறையக்கூடிய விபத்து வாய்ப்பு இது. இன்னொரு பாதிப்பு கண்ணில் படாமல் நடக்கிறது. நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் லாரிகளும் வேன்களும், கைபேசி காட்டும் குறுக்குவழியைப் பிடித்து ஊர்த்தெருக்களுக்குள் நுழைகின்றன. நான்காம் அடுக்குக் கணக்கை இங்கே நினைவுகொள்ள வேண்டும். கார்களுக்கும் தண்ணீர் வண்டிகளுக்கும் போட்ட மெல்லிய தெருவில் பாரலாரிகள் சில வாரம் ஓடினால், நெடுஞ்சாலை புதிதாகும் அதே நேரத்தில் தெரு உடைந்துபோகும். நெடுஞ்சாலை ஒரு துறையிடமும் தெரு உள்ளாட்சியிடமும் இருப்பதால், அந்தத் தெருவைச் சீர்செய்யும் பொறுப்பை முன்பே பேசி முடிவுசெய்யாவிட்டால் அது யாருடைய வேலையாகவும் இருக்காது.

வேலை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கும் பாதிப்பு ஒன்று உண்டு: சாலையின் உயரம். பழைய தளத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே 40 மி.மீ. போட்டால், நான்கு முறை புதுப்பித்த பிறகு சாலை 160 மி.மீ., அதாவது அரையடிக்கும் கூடுதலாக உயர்ந்திருக்கும். முன்பு சாலையைவிட ஒரு படி உயரத்தில் இருந்த வீடு, சாலைக்கு ஒரு படி கீழே போய்விடும். மழைநீர் வாசல் வழியாக உள்ளே வரும். வடிகாலின் வாய் அமுங்கும். பாதாளச் சாக்கடை மூடிகள் குழிகளாகும். தமிழ்நாட்டில் 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, சாலைகளைப் புதுப்பிக்கும்போது பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்கே புதிய தளம் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். மில்லிங் இயந்திரத்தின் இரைச்சலும் தூசியும் தொந்தரவுதான். ஆயினும் வாசற்படியைக் காப்பாற்றும் வேலை அதுவே என்பதால், உங்கள் தெருமுனையில் அந்த இயந்திரம் வராமலேயே தார் லாரி வந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

புதிய சாலை திறக்கும் முதல் நாட்களையும் குறிப்பிட வேண்டும். தளம் வழுவழுப்பாக இருப்பதால் வாகனங்களின் வேகம் உடனே கூடுகிறது. ஆனால் தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடுகளும், பாதசாரிகள் கடக்கும் கோடுகளும், ஒளிரும் பதிகற்களும் சில நாள் கழித்தே வருகின்றன. கருமையான சாலை, கோடுகள் இல்லாத இரவு, கூடிய வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும் அந்த நாட்களில், சாலையைக் கடப்பவர்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி பார்த்துக் கடப்பது நல்லது.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு வேலை தொடங்கினால், முதலில் அங்கே நிறுத்தப்பட்டிருக்கும் பணிப் பலகையைத் தேடிப் படியுங்கள். பணியின் பெயர், நீளம், தொடங்கும் நாள், முடியும் நாள் முதலிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். கி.மீ. 40/2 முதல் 42/6 வரை என்று போட்டிருந்தால், 40-ஆவது கிலோமீட்டர் கல்லிலிருந்து 200 மீட்டர் தாண்டித் தொடங்கி, 42-ஆவது கல்லிலிருந்து 600 மீட்டர் தாண்டி முடிகிறது என்று பொருள்; உங்கள் தெரு அதற்குள் வருகிறதா என்பதைச் சாலையோரக் கற்களை வைத்தே கண்டுகொள்ளலாம். அந்தக் கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. திருப்பம் அடைபட்டதையோ, விளிம்பு செதுக்கப்படாததையோ, சுரண்டாமல் தார் போடப்படுவதையோ எந்த அலுவலகத்தில் சொல்ல வேண்டும் என்பது அந்த நிறத்திலிருந்தே தொடங்குகிறது. கலவை சூடாக இருக்கும்போதே சொன்னால் திருத்துவது எளிது.